வார்னிஷ் அடித்த ராணி

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தால் என்ன ஆகும்? ஒற்றுமை வளரும் என்று சொல்கிற புண்ணியவான்கள் அந்த வீட்டு மாடியறைக்கு ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும். நீளமான மேஜை. அதன் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பழுப்பு நிற ஒட்டுப்பட்டை. இந்தப் பக்கம் பெரியவளுடையது, அந்தப் பக்கம் சின்னவளுடையது. பட்டையை ஒட்டியவள் பெரியவள். ஸ்கேல் வைத்துத்தான் ஒட்டினாள், ஆனால் தன் பக்கம் ஒரு சாண் கூடுதலாக வருகிற மாதிரி ஒட்டினாள்.

வேலை அசையும் அட்டைப் பொம்மை. சிறுவர் அரங்கத்து நாடகங்களுக்குப் போகிற பொம்மைகள். தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, கால் என்று தனித்தனியாக வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி, பளபளப்புக்கு வார்னிஷ் அடித்துக் காயவைப்பது பெரியவளின் வேலை. காய்ந்த துண்டுகள் பட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். சின்னவள் ஓட்டை போட்டு, மூட்டுக்கு மூட்டு மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, முதுகுப்பக்கம் இழைகளை இணைத்து, கீழே ஒரே ஒரு நூலைத் தொங்கவிடுவாள். அந்த நூலை இழுத்தால் கையும் காலும் ஒன்றாக எழும்பும். விட்டால் விழும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் எது வித்தை என்பதில்தான் சண்டையே. முகம் இல்லாமல் பொம்மை ஏது என்பாள் பெரியவள். ஆடாத பொம்மைக்குப் பேர் பொம்மையா, அது வாழ்த்து அட்டை என்பாள் சின்னவள். ஆரம்பத்தில் இது கேலியாகத்தான் இருந்தது. கேலி விஷமானது ஒரு நாடகத்தின் முடிவில். "இந்தப் பொம்மைகளைச் செய்தவர் மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பெரியவள் அப்போது திரைக்குப் பின்னால், கிழிந்துபோன ஒரு கரடியின் இமைக்கு மை தீற்றிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த சின்னவள் எழுந்து போனாள், பூங்கொத்தை வாங்கினாள், கும்பிட்டாள், இறங்கினாள். 'முகமெல்லாம் எங்க அக்கா வரைஞ்சது' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கூப்பிட்டாங்க, போனேன். பக்கத்துல நீங்க இல்ல. உங்களத் தேடிக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் ஜனம் கைதட்டிட்டு நிக்குமா?" என்றாள் வீட்டில்.

"நாக்கு என்ன வாடகைக்கு வாங்கினதா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?"

"நீங்க சொல்லுவீங்களாக்கும்!"

சொல்லியிருக்க மாட்டாள். அது பெரியவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் மேஜையில் பட்டை விழுந்தது.

அதிலிருந்து பேச்சு கிடையாது, வேலை மட்டும். அந்த வேலையிலும் எத்தனை விஷமம்! கையின் மேல்முனையில், தோள்பட்டைக்கு உள்ளே மறைகிற மாதிரி, கொஞ்சம் நீட்டி வெட்ட வேண்டும். அந்த நீட்டலில்தான் இழையைக் கட்டுவார்கள். பெரியவள் வேண்டுமென்றே அதை ஒட்ட நறுக்கி அனுப்புவாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு துண்டு அட்டை ஒட்டிச் சரிசெய்வாள். பதிலுக்கு அவள், பெரியவள் பார்த்துப் பார்த்து வரைந்த கன்னத்துக்குள் ஊசியை இறக்கி, "ஐயோ, கை தவறிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு புருவத்தை ஏற்றி, ஆட்காட்டி விரலை நீட்டி, "யாரு இதத் தொட்டது?" என்று பெரியவள் கேட்பாள். அறையில் இருப்பதே இரண்டு பேர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரங்கத்தின் பொறுப்பாளர் அம்மாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள். வெட்டுத் துரும்புகளுக்கு நடுவே நாற்காலியைத் தேடி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மேடைக்குப் பின்னால் பெரிய ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாகிறது. அங்கேயே இருந்து பொம்மை செய்ய ஒரு ஆள் வேண்டும், நிரந்தரமாக. கதவில் பெயர்ப்பலகையும் வைப்பார்கள்.

"ஒரு ஆள்தானா?" என்றாள் பெரியவள்.

"ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல பொம்மை செய்யறது யாரு?"

"நான்தான்" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் இருவரும் ஒன்றாகச் செய்த காரியம் அதுதான்.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விவரமானவள்தான். பட்டையையும் பார்த்தாள். "அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. ஆளுக்கொரு பொம்மை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒருத்தரே செய்யணும், அடுத்தவங்க கை படக்கூடாது. வர்ற சனிக்கிழமை பசங்க முன்னாடி ஆட்டிக் காட்டுங்க. அதப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பெரியவளுக்கு அந்த அறை வேண்டும். சாப்பாடு இறங்காத அளவுக்கு வேண்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அவள் புருஷன், "காகிதம் வெட்டறதுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பான்! ஊரெல்லாம் பார்த்துச் சிரித்த ராஜாக்களும் குரங்குகளும் தன் கையில் பிறந்த முகங்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாமல் போவதா? கதவில் தன் பெயர் இருக்க வேண்டும். அதைவிட, அந்தப் பெயர் சின்னவளுடையதாக இருக்கவே கூடாது. இந்த இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால் அவளால் சட்டென்று பதில் சொல்லியிருக்க முடியாது.

சின்னவள் தன் ஊசி, நூல், மெழுகில் கைக்கு வந்ததை வாரிக்கொண்டு கீழறைக்குப் போனாள். போகிறபோது, "மூட்டுக்குப் பின்னாடி முடிச்சு போட்டா நூல் நிக்காதுக்கா" என்றாள்.

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேக்கல. சொன்னேன்."

"உன் தயவு இல்லாமலே நான் பாத்துக்குவேன். நீ போய் மனுஷ மூஞ்சிக்கு எத்தனை கண்ணுன்னு எண்ணிக் கத்துக்கோ."

முடிச்சுதானே! செருப்பு வார் கட்டத் தெரிந்தவளுக்கு இது ஒரு பிரமாதமா என்றுதான் பெரியவள் தொடங்கினாள். ராணி ஒருத்தியை வரைந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ராணி. கண் ஓரமாகப் பார்க்கிறது, உதட்டில் பாதிச் சிரிப்பு, விரல் நுனிக்கு நுனி நகம். அதுவரைக்கும் எல்லாம் வெண்ணெய்தான். பிறகு நூலைக் கையில் எடுத்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது. இறுக்கினால் கை அசையவில்லை, தளர்த்தினால் கை கழன்று விழுந்தது. ஒரு கையில் இழையை மூட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிவிட, இழுத்தபோது ஒரு கை ஏறியது, மறு கை முதுகுக்குப் பின்னால் போய்ச் சொறிந்துகொண்டது. பெரியவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள், ராணியைத் திட்டினாளா சின்னவளைத் திட்டினாளா என்பது அவளுக்கே வெளிச்சம். கடைசியில் வேறு வழியில்லாமல் பழைய பொம்மை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். தான் வரைந்த பொம்மையின் முதுகை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். இழைகள் ஒன்றையொன்று தொடாமல், இழுக்கிற இடத்தில் இறுகி, விடுகிற இடத்தில் தளர்ந்து கிடந்தன. "சனியன், நல்லாத்தான் கட்டியிருக்கா" என்று முனகிக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராணி ஆடினாள். ஆணியில் மாட்டி நூலை இழுத்தபோது கையும் காலும் விசிறி மாதிரி விரிந்தன. பெரியவள் கைதட்டிச் சிரித்தாள். கீழறைக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சிரித்தாள்.

அப்புறம் பார்த்தால், முடிச்சுப் போட்ட கையின் மெழுகும் அழுக்கும் ராணியின் கன்னத்தில் அப்பியிருந்தது. விடுவாளா? துடைத்து, மறுபடி வண்ணம் தொட்டு, நகங்களுக்குப் புதுச் சிவப்பு வைத்தாள். பிறகு, இத்தனை காலம் எல்லாப் பொம்மைக்கும் செய்தது போலவே, வேலையின் கடைசியாக வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள். மேடை வெளிச்சத்தில் ஜொலிக்க வேண்டும் என்று இரண்டு பூச்சு அடித்தாள். ஈர வார்னிஷில் விரல் பட்டால் ரேகை விழும், அதனால் மறுநாள் காலைவரை அதைத் தொடவில்லை. காலையில் மெல்லிய துணியில் குழந்தையைச் சுற்றுவது போல் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அரங்கத்தில் தரையெல்லாம் பசங்கள். பொறுப்பாளர் அம்மாள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடையைச் சாத்திவிட்டுப் பெரியவளின் புருஷனும் வந்து கதவருகே நின்றான்.

"யாரு முதல்ல?"

"நான்தான் மூத்தவ. நான்தான் முதல்ல" என்றாள் பெரியவள்.

துணியை விலக்கியதும் பசங்கள் மத்தியில் ஒரு "ஹை!" எழுந்தது. ராணி அப்படி ஜொலித்தாள். பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பி, பார்த்துக்கொள் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு நூலை இழுத்தாள்.

ராணி அசையவில்லை.

மறுபடி இழுத்தாள். மொத்தப் பொம்மையும் கீழே குனிந்து நிமிர்ந்ததே தவிர, கையும் காலும் இருந்த இடத்திலேயே இருந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "தூங்குது" என்றாள். "எழுப்புங்க!" என்றான் இன்னொருத்தன். பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நேற்று ஆடினாளே, என் கண்ணால் பார்த்தேனே! நூலைச் சுற்றிப் பிடித்துத் தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள்.

சர்ரென்று ஒரு சத்தம். ராணியின் வலது கை தோளோடு கிழிந்து, ஒற்றை இழையில் தொங்கி ஊஞ்சலாடியது.

கிழிந்த இடத்திலிருந்து வார்னிஷ் வாசம் குப்பென்று வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதும் அவள் வார்னிஷ் அடிப்பது தனித்தனித் துண்டுகளுக்கு. அவை காய்ந்த பிறகுதான் பட்டையைத் தாண்டி மூட்டு ஏறும். இந்த முறை மூட்டு ஏறிய பொம்மையின் மேல் அடித்துவிட்டாள். இரண்டு பூச்சு! இடுக்கெல்லாம் இறங்கி, ராத்திரியெல்லாம் காய்ந்து, ராணியை ஒரே பலகையாக ஒட்டிவைத்துவிட்டது. பழக்கதோஷம் என்பார்களே, அது இதுதான். வேறு யாருடைய கையும் படவில்லை, திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

பசங்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. போய் ஓரமாக உட்கார்ந்தாள். சரி, சின்னவள் மட்டும் என்ன கிழித்துவிடப்போகிறாள், கோடு போடக் கை வராதவள் எதைக் கொண்டுவந்திருக்கப்போகிறாள் என்பது ஒன்றுதான் மிச்சமிருந்த தைரியம்.

சின்னவள் கொண்டுவந்த பொம்மையைப் பார்த்ததும் அந்தத் தைரியம் நன்றாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது. கண்றாவி! உடம்பு கோணி மூட்டை. ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. தலை பூசணிக்காய் அளவு. வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. பெரியவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

சின்னவள் நூலை இழுத்தாள்.

பொம்மையின் மூக்குக்கண்ணாடி மூக்கின் மேல் சறுக்கி இறங்கியது. அதற்கு மேலே ஒற்றைப் புருவம் ஏறியது. கீழுதடு பிதுங்கி வெளியே வந்தது. முகவாய் கழுத்துக்குள் இறங்கியது. எல்லாம் முடிந்து ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, ஆட்காட்டி விரல் மெல்ல எழும்பி இப்படியும் அப்படியும் ஆடியது.

"யாரு இதத் தொட்டது?" என்றாள் சின்னவள், பொம்மைக்குப் பின்னாலிருந்து.

பசங்கள் சிரித்து உருண்டார்கள். அவரவர் வீட்டிலும் இப்படி ஒரு விரல் இருக்கும்போலிருக்கிறது. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அரங்கமே சேர்ந்து, "யாரு இதத் தொட்டது?" என்றது.

முதல் இழுப்பிலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் ஜிவ்வென்று தலைக்கேறியது. எழுந்து நின்றாள். "நிறுத்துடீ!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் கண்ணாடி சறுக்கியது. புருவம் ஏறியது. உதடு பிதுங்கியது. விரல் நீண்டது.

பசங்கள் பொம்மையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி பொம்மையைப் பார்த்தார்கள். அப்புறம் கூரையே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. விரலை மடக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கதவருகே அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கினான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. மானம் கப்பலேறுவது என்றால் என்னவென்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

அறை யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? பொறுப்பாளர் அம்மாள் பெரியவளிடம் வந்து, நல்ல எண்ணத்தோடுதான், "உங்க ராணி ரொம்ப அழகு. ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில மாட்டிக்கலாமா?" என்று கேட்டாள்.

"கையை ஒட்டியா, ஒட்டாமலா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள் பெரியவள்.

நடையில் சின்னவள் பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் வழியை மறித்து நின்றாள். எத்தனையோ மாதம் அடக்கிவைத்த பேச்சு.

"ஊர் சிரிக்கணும்னு என்னை வரைஞ்சே. இல்ல?"

"இல்ல."

"பொய் சொல்லாத. வாய் அழுகிடும்."

சின்னவள் குனிந்தபடியே பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "ராஜா வரைஞ்சு பாத்தேன். உங்க மூஞ்சி வந்துச்சு. கெழவன் வரைஞ்சேன், அதுவும் நீங்கதான். ஒரு பூனை வரைஞ்சேன், அதுக்கும் உங்க உதடு. எனக்கு வேற மூஞ்சியே தெரியலக்கா. இத்தன வருஷமா எதிர்ல அது ஒண்ணத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கேன்! இப்ப திட்டுவாங்களா, எப்ப திட்டுவாங்கன்னு பாத்துப் பாத்து மனப்பாடமாயிடுச்சு. சாகுற வரைக்கும் மறக்காது."

"அவ்வளவு வெறுப்பா?"

"ஆமா" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பெரியவள் மாடியறைக்கு ஏறினாள். எரிச்சல் அடங்கவில்லை. உனக்கே அப்படி வரைய வந்தால் எனக்கு வராதா? பிறந்ததிலிருந்து முகம் வரைகிறவள் நான். உன்னைப் பேயாக வரைந்து, அரங்கத்து வாசலிலேயே ஒட்டுகிறேனா இல்லையா பார் என்று பெரிய அட்டையாக எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நெற்றியிலிருந்து தொடங்கினாள். கண் வரைந்தாள். அது ராணியின் கண். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அழகான கண்தான், ஆனால் யாருடையதோ. மூக்கு? நேர் மூக்கா, நுனி தூக்கினதா? பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். நடுவகிடு தெரிந்தது. முடிச்சின் மேல் குனிந்த தலை தெரிந்தது, விரல் தெரிந்தது, நூலைக் கடிக்கிற பல்கூடத் தெரிந்தது. அந்த வகிட்டை அச்சு அசலாக வரைய முடிந்தது, ஒவ்வொரு முடியாக. அதற்குக் கீழே வெறும் அட்டை.

அட்டையைக் கிழித்தாள். இன்னொன்று எடுத்தாள். அதிலும் வகிடுதான் வந்தது.

அப்போது சின்னவள் மிச்சச் சாமான்களை அரங்கத்து அறைக்கு எடுத்துப்போக மேலே வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, மெழுகுக் கட்டியையும் ஓட்டை போடும் ஊசியையும் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றதால் முகம் இருட்டில் இருந்தது.

"இந்தா" என்றாள் பெரியவள்.

"என்ன?"

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பு."

"எதுக்கு?"

பெரியவள் பென்சிலை அட்டையின் மேல் ஊன்றினாள். சின்னவள் மேஜையில் கிடந்த கிழிசல்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தலை இருந்தது, எதிலும் முகம் இல்லை. பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"இத்தன வருஷம் இங்கதானேக்கா உக்காந்திருந்தேன்" என்றாள்.

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். பெரியவள் பென்சிலோடு எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் இறங்கி அரங்கத்துப் பக்கம் நடந்தவளின் முதுகும் பின்னலும்தான் அங்கிருந்து தெரிந்தன. அவள் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, அது மட்டும் பெரியவளுக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது. எந்தக் கன்னம் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.